தேய்க்காத கை: பழைய பிரித்தானிய நாணயங்களைத் திரட்டலும் பேணலும்

பித்தளைக் குடத்தைப் புளியிட்டும் வெள்ளி விளக்கைத் திருநீறிட்டும் துலக்கிப் பழகிய கை, கறுத்துப்போன பழங்காசு ஒன்றைக் கண்டால் அதனையும் அவ்வாறே துலக்க நீளுவது இயல்பு. காசுகளின் உலோகம், எடை, பொறிப்பு, புழக்கம் ஆகியவற்றைக் கொண்டு வரலாற்றை ஆராயும் நாணயவியல் என்னும் துறையோ, அந்தக் கையைத் தடுத்து நிறுத்துவதையே தன் முதற்பாடமாக வைத்திருக்கிறது. காசு சொல்லும் செய்திகளுள் பெரும்பாலானவை அதன் மேற்பரப்பின் மிக மெல்லிய படலத்தில் அடங்கியிருப்பதும், அப்படலம் ஒருமுறை போனால் எந்தக் கொல்லராலும் அதனை மீட்டுத்தர இயலாமையும் இதற்குக் காரணங்களாகும். இவற்றோடு மற்றொரு காரணமும் உண்டு. மினுக்கத்தை நம்பி ஏமாந்த கதைகள் பிரித்தானிய நாணய வரலாற்றிலேயே பல உள. அவற்றை அறிந்த பிறகு, பழைய பிரித்தானியக் காசுகளைத் திரட்டுவோர் ஒளியைவிடக் கருமையை ஏன் மதிக்கின்றனர் என்பது தானே விளங்கும். அந்த விளக்கத்தை நோக்கிச் செல்வதே இவ்வுரையின் போக்கு.

பவுண்டு, ஷில்லிங், பென்னி

இக்காசுகளைத் திரட்டப் புகுவோர் முதலில் அறிய வேண்டியது, 1971 பிப்ரவரி 15 வரை வழக்கிலிருந்த கணக்கு முறையாகும். பன்னிரண்டு பென்னி ஒரு ஷில்லிங்; இருபது ஷில்லிங் ஒரு பவுண்டு; ஆக ஒரு பவுண்டுக்கு 240 பென்னி. ஒரு பவுண்டு எடையுள்ள வெள்ளியிலிருந்து 240 பென்னிகள் அடிக்கப்பட்ட இடைக்கால வழக்கத்திலிருந்து இக்கணக்கு பிறந்தது. பென்னியைக் குறிக்க ‘டி’ என்னும் எழுத்து வழங்கியது, உரோமானியரின் டெனாரியஸ் என்னும் காசுப் பெயரின் முதலெழுத்து அது என்பதால்தான். கால் பென்னி ஃபார்திங் எனவும், நான்கு பென்னி க்ரோட் எனவும், இரண்டு ஷில்லிங் ஃப்ளோரின் எனவும், ஐந்து ஷில்லிங் க்ரௌன் எனவும், அதில் பாதியாகிய இரண்டரை ஷில்லிங் அரை க்ரௌன் எனவும் பெயர் பெற்றன. பன்னிரண்டு பை ஓர் அணா, பதினாறு அணா ஒரு ரூபாய் என்று கணக்கிட்ட தலைமுறையினரை அறிந்தவர்க்கு, பத்தின் மடங்கில் அடங்காத இந்த முறை அத்துணை அயலாகத் தோன்றாது.

சுத்தியலால் அடித்த காலம்

எட்டாம் நூற்றாண்டின் பிற்பகுதியில் மெர்சியா நாட்டை ஆண்ட ஓஃபாவின் காலத்தில் நிலைபெற்ற வெள்ளிப் பென்னி, அதன்பின் ஏறத்தாழ ஐந்நூறு ஆண்டுகள் இங்கிலாந்தின் தலைமைக் காசாக விளங்கியது. கீழ் அச்சு ஒரு மரக்கட்டையில் பதிக்கப்பட்டிருக்க, அதன்மேல் வெள்ளித் தகட்டை வைத்து, மேல் அச்சைக் கையால் பிடித்துச் சுத்தியலால் அடித்து உருவாக்கப்பட்டமையால், இவ்வகைக் காசுகள் சுத்தியலடிக் காசுகள் எனப்படுகின்றன. அடிப்பவரின் கைவாகுக்கு ஏற்ப ஒவ்வொன்றும் சற்றே வேறுபடும். உருவம் ஓரமாக விலகியிருப்பதும் எழுத்துகள் பாதி விடுபட்டிருப்பதும் அவற்றின் குறைகள் அல்ல, பிறப்பின் அடையாளங்கள். பதின்மூன்றாம் நூற்றாண்டின் பெரும்பகுதி வரையிலான பென்னிகளின் பின்பக்கத்தில் அக்காசை அடிக்கப் பொறுப்பேற்றவரின் பெயரும் ஊரின் பெயரும் பொறிக்கப்பட்டிருப்பதால், அரசருக்கு அடுத்தபடியாகச் சாதாரண மனிதர் ஒருவரின் பெயரையும் தாங்கி நிற்கும் சிறு ஆவணங்களாக அவை அமைகின்றன.

சில்லறைக் காசு இல்லாத அக்காலத்தில் மக்கள் பென்னியைப் பின்பக்கச் சிலுவைக் கோட்டின் வழியே இரண்டாகவோ நான்காகவோ வெட்டிப் பயன்படுத்தினர்; நான்கில் ஒரு கூறு என்னும் பொருளுடைய சொல்லே ஃபார்திங் ஆயிற்று. காசின் ஓரத்தைச் சிறிது சிறிதாகக் கத்தரித்து வெள்ளியைத் திருடும் வழக்கமும் பெருகியது. அதனைத் தடுக்க வேண்டி, 1247-இல் மூன்றாம் ஹென்றியின் ஆட்சியில் சிலுவையின் கைகள் காசின் விளிம்பு வரை நீட்டப்பட்டன. கை குறைந்திருந்தால் காசு கத்தரிக்கப்பட்டது என்பது பார்த்த மாத்திரத்தில் தெரிந்துவிடும். 1279-இல் முதலாம் எட்வர்டு தொடங்கிய சீர்திருத்தத்தால் வட்ட வடிவிலேயே அரைப்பென்னியும் ஃபார்திங்கும் வரத் தொடங்க, காசை வெட்டும் தேவை மறைந்தது. வெட்டுண்ட கால் பென்னித் துண்டு இன்று பெரும்பொருள் செலவின்றிக் கிடைக்கிறது; ஆயினும் ஒரு சந்தை நாளின் கொடுக்கல் வாங்கலை அது காட்டும் அளவுக்கு, அரசருக்கெனவே அடிக்கப்பட்ட பொற்காசு காட்டாது.

மினுக்கத்தின் முதல் ஏமாற்று 1544 முதல் 1551 வரையில் நடந்தது. போர்ச்செலவால் நெருக்குண்ட எட்டாம் ஹென்றி, வெள்ளிக் காசின் மாற்றை, அதாவது அதிலுள்ள தூய வெள்ளியின் அளவை, மூன்றில் ஒரு பங்கு வரை குறைத்தார். எஞ்சிய பங்கு செம்பு. ஆனால் புதுக்காசின் மேற்பரப்பு மட்டும் வெள்ளியாகத் தோன்றும்படி செய்யப்பட்டிருந்தது. நேர்முகமாகப் பொறிக்கப்பட்ட அரசரின் உருவத்தில் மிகவும் மேடான பகுதி மூக்கு. காசு கைமாறக் கைமாற மேற்படலம் அங்கேதான் முதலில் தேய்ந்து, செந்நிறம் வெளிப்பட்டது. மக்கள் அரசருக்குச் ‘செம்பு மூக்கர்’ என்று பெயரிட்டனர். முதலாம் எலிசபெத் 1560-61-இல் மாற்றுக் குறைந்த காசுகளைத் திரும்பப் பெற்று, நூற்றுக்குத் தொண்ணூற்றிரண்டரைப் பங்கு வெள்ளியுள்ள ஸ்டெர்லிங் தரத்தை மீண்டும் நிலைநிறுத்தினார்.

எந்திரம் தந்த விளிம்பு

இரண்டாம் சார்லஸின் ஆட்சியில், 1662 முதல், இலண்டன் கோபுரத்திலிருந்த நாணயச்சாலையில் எந்திரத்தால் அடித்த காசுகள் நிலையாக வெளிவரலாயின. உருளைகளால் தகட்டை ஒரே தடிப்பாக்கி, திருகு அழுத்தியால் முத்திரையிட்ட இக்காசுகள் முழு வட்டமாக அமைந்தன. விளிம்பிலும் கோடுகளோ எழுத்துகளோ பொறிக்கப்பட்டன. பெரிய வெள்ளிக் காசான க்ரௌனின் விளிம்பில் ‘அணியும் அரணும்’ என்னும் பொருள்படும் இலத்தீன் தொடர் இடம்பெற்றது. விளிம்பெழுத்து காசுக்கு அழகு செய்வதோடு, கத்தரிப்போரிடமிருந்து அதனைக் காக்கவும் செய்தமையால், அத்தொடர் தன் பணியைத் தானே விளக்குவதாக அமைந்தது.

பழைய சுத்தியலடிக் காசுகளும் கூடவே வழக்கிலிருந்தமையால் கத்தரிப்பு ஓயவில்லை. ஆகவே 1696-இல் அவை அனைத்தும் திரும்பப் பெறப்பட்டுப் புதிதாக அடிக்கப்பட்டன. அதே ஆண்டில் நாணயச்சாலையின் கண்காணிப்பாளராகப் பொறுப்பேற்ற ஐசக் நியூட்டன், 1699-இல் அதன் தலைவராகி 1727-இல் இறக்கும்வரை அப்பதவியில் இருந்தார். வேலைப் பளுவைப் பகிர்வதற்காக பிரிஸ்டல், செஸ்டர், எக்ஸெட்டர், நார்விச், யார்க் ஆகிய ஐந்து ஊர்களில் தற்காலிகக் கிளைகள் திறக்கப்பட்டன. செஸ்டர் கிளையில் வானியலாளர் எட்மண்ட் ஹாலி பணியாற்றினார். மூன்றாம் வில்லியமின் மார்பளவு உருவத்தின் கீழ் அந்தந்த ஊரின் முதலெழுத்து இருப்பதால், ஒரே ஷில்லிங்கை ஐந்து ஊர்களுக்கும் தலைநகருக்குமாக ஆறு வகையில் தேடித் திரட்டுவது இன்றும் திரட்டுவோரின் விருப்பங்களுள் ஒன்று.

1663-இல் தோன்றிய கினி என்னும் பொற்காசும் இத்தகைய சிறு குறிகளால் தன் பிறப்பைச் சொல்லும். ஆப்பிரிக்கக் கம்பெனி கொண்டுவந்த பொன்னால் அடிக்கப்பட்டவற்றில் அரசரின் உருவத்தின் கீழ் சிறு யானை காணப்படும். மேற்கு ஆப்பிரிக்காவின் கினிக் கரையே காசுக்கும் பெயராயிற்று. அக்கம்பெனி அடிமை வாணிகத்திலும் ஈடுபட்டதாகலின், யானைக் குறியுள்ள கினியின் அழகை வியப்போர் அதன் பின்னுள்ள துயரத்தையும் அறிந்திருத்தல் தகும். இரண்டாம் ஜார்ஜின் கினிகள் சிலவற்றில் கிழக்கிந்தியக் கம்பெனியின் முதலெழுத்துகள் உள்ளன. இருபது ஷில்லிங்காகப் பிறந்த கினியின் மதிப்பு பொன் விலைக்கேற்ப ஏறியிறங்கி, 1717-இல் இருபத்தொரு ஷில்லிங் என்று உறுதிசெய்யப்பட்டது.

எந்திரத் தொழில் முழுவளர்ச்சி பெற்றதற்குச் சான்று, மேத்யூ போல்டன் பர்மிங்ஹாமை அடுத்த தம் சோகோ நாணயச்சாலையில் நீராவி ஆற்றலால் அடித்து 1797-இல் வெளியிட்ட செப்புக் காசுகளாகும். பென்னி ஓர் அவுன்ஸ், இரண்டு பென்னி இரண்டு அவுன்ஸ் என உலோகத்தின் எடையாலேயே மதிப்பை நிறுவ முயன்ற அவற்றுக்கு, அகன்று உயர்ந்த விளிம்பு இருந்தமையால், ‘வண்டிச் சக்கரம்’ என்னும் பெயர் வாய்த்தது.

சவரன் என்னும் சொல்

ஏழாம் ஹென்றி 1489-இல் வெளியிட்ட பெரும் பொற்காசின் பெயரான ஸாவரின், 1817-இல் இருபது ஷில்லிங் மதிப்புள்ள புதிய காசுக்கு வழங்கப்பட்டது. இத்தாலியச் சிற்பியான பெனடெட்டோ பிஸ்ட்ரூச்சி வடித்த, புனித ஜார்ஜ் குதிரைமீது அமர்ந்து பறவைநாகத்தைக் கொல்லும் காட்சி இன்றளவும் அதன் பின்பக்கத்தில் நிலைத்திருக்கிறது. இருபத்திரண்டு காரட் மாற்றும் 7.98 கிராம் எடையும் கொண்ட இக்காசே, தமிழகத்துப் பொற்கடைகளில் எட்டு கிராமைக் குறிக்கும் ‘சவரன்’ என்னும் சொல்லின் தாய். அதற்கு மாற்றாக வழங்கும் ‘பவுன்’ என்னும் சொல்லும் பவுண்டு என்பதன் திரிபே. காசு வழக்கொழிந்த பின்னும் அதன் எடை ஒரு மொழியின் அன்றாடச் சொல்லாக வாழ்வது, நாணயவியலில் அரிதாகக் காணும் நிகழ்ச்சி.

இலண்டனுக்கு வெளியே சிட்னி, மெல்பர்ன், பெர்த், ஒட்டாவா, பிரிட்டோரியா ஆகிய நகரங்களிலும் இக்காசு அடிக்கப்பட்டது. 1918-ஆம் ஆண்டு மட்டும் பம்பாயிலும் அடிக்கப்பட்டது. குதிரையின் காலடியில் உள்ள நிலக்கோட்டில் இந்தியாவைக் குறிக்கும் ‘ஐ’ என்னும் ஓரெழுத்தே அதற்கு அடையாளம். எழுத்து மிகச் சிறியதாகலின், பத்து மடங்கு பெருக்கிக் காட்டும் கண்ணாடி இத்துறையில் முதற்கருவியாகிறது.

கைமாற்றில் கிடைத்த வரலாறு

விக்டோரியா அரசியின் நீண்ட ஆட்சியில் அவரது உருவம் மூன்று முதன்மையான வடிவங்களில் மூப்படைவதைக் காணலாம்: வில்லியம் வையன் வடித்த இளமுகம், ஆட்சியின் ஐம்பதாம் ஆண்டான 1887-இல் வந்த பொன்விழா முகம், 1893 முதல் வந்த முக்காடிட்ட முதுமுகம். 1860-இல் கனத்த செப்புப் பென்னிக்கு மாற்றாக, நூற்றுக்குத் தொண்ணூற்றைந்து பங்கு செம்பும் நான்கு பங்கு வெள்ளீயமும் ஒரு பங்கு துத்தநாகமும் கலந்த வெண்கலப் பென்னி வந்தது. அதில் அரசியின் கூந்தல் முடிச்சிட்டிருப்பதால் அது கொண்டைப் பென்னி எனப் பொருள்படும் பெயரால் வழங்குகிறது. இப்பென்னி 1971 வரை செல்லுபடியானமையால், கடையில் வாங்கிய மீதிச் சில்லறையிலேயே நூறாண்டுப் பழமையுள்ள காசு தேய்ந்த நிலையில் கிடைத்ததுண்டு. பத்தின் மடங்குக் கணக்குக்கு நாடு மாறவிருந்த 1960-களில் பிரித்தானியாவில் சிறுவரும் முதியவரும் சில்லறையைப் புரட்டிப் பார்த்துத் திரட்டத் தொடங்கியதற்கு இதுவே வித்து.

காசின் சுற்றெழுத்தில் அரசியல் வரலாறும் படிந்துள்ளது. இந்தியப் பேரரசி என்பதைக் குறிக்கும் இலத்தீன் சுருக்கம் 1893 முதல் பிரித்தானியக் காசுகளில் இடம்பெற்று, இந்தியா விடுதலை பெற்றபின், 1949-ஆம் ஆண்டுக் காசுகளிலிருந்து நீக்கப்பட்டது. 1948, 1949 ஆகிய ஈராண்டுகளின் பென்னிகளை அருகருகே வைத்தால், ஒரு பேரரசின் முடிவை எழுத்துகளின் இன்மையிலேயே படிக்கலாம். உலோகமும் அதுபோலவே பேசும்: முதல் உலகப் போரை அடுத்து 1920-இல் வெள்ளிக் காசின் மாற்று நூற்றுக்கு ஐம்பதாகக் குறைந்தது, இரண்டாம் உலகப் போரை அடுத்து 1947 முதல் வெள்ளி அறவே நீங்கி, செம்பும் நிக்கலும் கலந்த உலோகம் அதன் இடத்தைப் பிடித்தது.

அருமைக்கும் பழமைக்கும் நேரான தொடர்பு இல்லை என்பதை 1933-ஆம் ஆண்டுப் பென்னி காட்டும். கையிருப்பு போதிய அளவில் இருந்தமையால் அவ்வாண்டு புழக்கத்துக்கென எதுவும் அடிக்கப்படவில்லை. கட்டடங்களின் அடிக்கல்லில் வைப்பதற்கும் காட்சியகங்களுக்குமாக மிகச் சில மட்டுமே அடிக்கப்பட்டன. எழுநூறு ஆண்டுப் பழமையுள்ள முதலாம் எட்வர்டின் பென்னியை நடுத்தர வருவாயினரும் வாங்கலாம். இதனையோ பெருஞ்செல்வரும் எளிதில் பெற இயலாது.

தெரிவும் தரமும்

எல்லாவற்றையும் திரட்ட முனைவோர் விரைவில் சோர்வர். எல்லை வகுத்துக்கொள்வோரே நிலைத்து நிற்பர். ஓர் அரசரின் எல்லாக் காசுகள், ஒரு காசின் எல்லா ஆண்டுகள், ஓர் ஊர் நாணயச்சாலையின் வெளியீடுகள் என எல்லை பலவாறு அமையலாம். இருபதாம் நூற்றாண்டுப் பென்னிகளை ஆண்டு வரிசையில் திரட்டுவது எளிய தொடக்கம். 1912, 1918, 1919 ஆகிய ஆண்டுகளில் பர்மிங்ஹாமின் ஹீட்டன் நிறுவனம் அடித்த பென்னிகளில் ஆண்டுக்கு இடப்புறம் ‘எச்’ என்னும் சிற்றெழுத்து இருப்பதைக் கண்டறியும் பயிற்சி, பின்னர் அரிய காசுகளை ஆராயக் கண்ணைப் பழக்கும்.

காசின் தேய்மான நிலையைக் குறிக்கும் தரப்பெயர்களையும் அறிதல் வேண்டும். பிரித்தானிய வழக்கில் ‘ஃபைன்’ என்பது நன்கு தேய்ந்து முதன்மை வடிவங்கள் மட்டும் தெளிவாக எஞ்சிய காசையும், ‘வெரி ஃபைன்’ என்பது நுண்கோடுகளில் ஒரு பகுதி எஞ்சியதையும், ‘எக்ஸ்ட்ரீம்லி ஃபைன்’ என்பது மேடுகளில் மட்டும் சிறு தேய்மானமுள்ளதையும் குறிக்கும். அதற்கு மேலுள்ளது புழக்கம் காணாத நிலை. மெருகிட்ட அச்சாலும் தகட்டாலும் தனிக் கவனத்தோடு அடிக்கப்படும் ‘ப்ரூஃப்’ என்பது செய்ம்முறையின் பெயரேயன்றித் தரத்தின் பெயர் அன்று. ஒரு தரப்படி உயர்ந்தால் விலை பன்மடங்காகக்கூடும். எனவே காசை வாங்கும் முன் நூலை வாங்குக என்பது இத்துறையினரின் பழைய அறிவுரை. எந்திரக் காசுகளின் எடையையும் விட்டத்தையும் நாணயச்சாலைகள் குறித்த வரம்புக்குள் பேணியமையால், நுண்ணிய தராசும் அளவுகோலும் போலிகளுள் பலவற்றைக் காட்டிக் கொடுக்கும். வார்த்தெடுத்த போலியில் குமிழித் துளைகளும் விளிம்பைச் சுற்றிய இணைப்புக் கோடும் கண்ணாடியின் கீழ் தென்படும்.

இருப்பிடமும் ஏடும்

காசை விளிம்பில் மட்டுமே பற்ற வேண்டும், மெத்தென்ற துணியின்மேல் தாழப் பிடிக்க வேண்டும் என்பன முதல் விதிகள். விரலின் வியர்வையிலுள்ள உப்பும் எண்ணெயும் வெண்கலத்தில் பதிந்தால், ஆண்டுகள் கழித்துக் கைரேகை பழுப்பு நிறத்தில் எழும். பி.வி.சி. என்னும் நெகிழி உறைகளில் மென்மைக்காகச் சேர்க்கப்படும் பொருள் நாளடைவில் கசிந்து, காசின்மேல் பசையான பச்சைப் படிவை உண்டாக்குவதால் அவற்றை விலக்க வேண்டும். மைலார் எனப்படும் பாலியெஸ்டர் உறைகளும் அக்ரிலிக் சிமிழ்களும் தீங்கற்றவை. ஓக் மரம் அமில ஆவியை வெளியிடும் தன்மையது. ஆதலால் நாணயப் பேழைகள் நெடுங்காலமாக மகோகனி மரத்தால் செய்யப்பட்டு வந்துள்ளன. ரப்பர்ப் பட்டையிலும் கம்பளித் துணியிலும் உள்ள கந்தகம் வெள்ளியைக் கறுக்கச் செய்யும். கடற்கரை ஊர்களில் வாழ்வோர், ஈரத்தை உறிஞ்சும் சிலிக்கா ஜெல் பொட்டலங்களைப் பேழையில் வைத்து அவ்வப்போது மாற்றுவது இன்றியமையாதது.

காசோடு பேண வேண்டிய மற்றொன்று, அதனைப் பற்றிய குறிப்பு. எங்கே, எப்போது, என்ன விலைக்குப் பெறப்பட்டது, அதன் எடை என்ன, முன்னர் யாருடைய திரட்டில் இருந்தது என்பவை ஏட்டில் பதியப்பட வேண்டும். முந்தைய உரிமையாளர் எழுதிய சிறு வட்டச் சீட்டு இருந்தால் அதனை எறிதல் கூடாது. இங்கிலாந்தில் மண்ணிலிருந்து கிடைக்கும் காசுகளுக்கு இதன் தேவை இன்னும் மிகுதி. முந்நூறு ஆண்டுக்கு மேற்பட்ட பழமையுடைய பொன் அல்லது வெள்ளிக் காசுகள் ஒரே இடத்தில் இரண்டோ அதற்கு மேலோ கிடைத்தால், 1996-ஆம் ஆண்டுப் புதையல் சட்டப்படி அதனை அறிவித்தாக வேண்டும். கிடைத்த இடம் தெரியாத காசு, பக்கம் கிழிக்கப்பட்ட நூலுக்கு ஒப்பாகும்.

துலக்கலும் பேணலும்

முத்திரை இடப்படும்போது உலோகம் அழுத்தத்தால் நடுவிலிருந்து விளிம்பு நோக்கிப் பாய்கிறது. அப்பாய்ச்சலின் மிக நுண்ணிய கோடுகளில் பட்டுத் தெறிக்கும் ஒளியே புதுக்காசின் இயற்கை ஒளி. காசைச் சாய்த்தால் சக்கரத்தின் ஆரைக்கால்கள் போல் ஒளி சுழல்வது இதனால்தான். பொடியிட்டுத் தேய்த்தால் முதலில் அழிபவை அக்கோடுகளே. பின்னர்க் காசு மின்னினாலும், அது எல்லாப் பக்கமும் ஒரே மாதிரியான, உயிரற்ற மினுக்கமாகவே இருக்கும். அமிலக் கரைசலில் தோய்த்து வெள்ளியின் கருமையைப் போக்கும்போது, வெள்ளி சல்பைடாகிய அக்கருமையோடு வெள்ளியின் மெல்லிய படலமும் போகிறது. மாறாக, பல்லாண்டு அமைதியாக இருந்த வெள்ளியில் நீலமும் ஊதாவும் கலந்து படியும் நிறம், உலோகத்துக்கு ஒரு காப்புமாகும்.

எதையும் செய்யாதிருத்தல் என்பது எதையும் கவனியாதிருத்தல் அன்று. வெண்கலத்தில் வெளிர்பச்சைப் பொடியாகக் கிளம்பும் களிம்பு, குளோரைடு உப்பும் ஈரமும் சேர்ந்து உலோகத்தைத் தொடர்ந்து அரிக்கும் ‘வெண்கல நோய்’ என்பதன் அறிகுறி. அக்காசை உடனே பிரித்து, உலர்ந்த இடத்தில் வைத்து, பயிற்சி பெற்ற பாதுகாப்பு வல்லுநரை நாடல் வேண்டும். தளர்ந்த மண்ணைக் காய்ச்சி வடித்த நீரில் ஊறவைத்து நீக்கலாம்; நெகிழி உறையின் பசையை அசிட்டோனால் கழுவலாம்; இரண்டிலும் தேய்த்தல் இல்லை. பிறவற்றில் கையை மடக்கியிருப்பதே அறிவு.

இவ்வறிவுக்கு மிகச் சிறந்த சான்றினை இலண்டன் நாணயச்சாலையே விட்டுச் சென்றிருக்கிறது. 1887-இல் வெளிவந்த ஆறு பென்னி வெள்ளிக் காசின் பின்பக்கம் அரை ஸாவரின் பொற்காசை ஒத்திருந்தமையால், சிலர் அதற்குப் பொன்முலாம் பூசிப் பத்து ஷில்லிங் என மாற்றினர். அவ்வடிவம் அதே ஆண்டில் கைவிடப்பட்டது. புதிய வெண்கல ஃபார்திங்கும் அளவாலும் மினுக்கத்தாலும் அரை ஸாவரின் எனத் தவறாகக் கொள்ளப்படக்கூடும் என்னும் கவலையால், 1897 முதல் 1918 வரை ஃபார்திங்குகள் வேதிக் கரைசலால் கருமையாக்கப்பட்ட பின்னரே வெளியிடப்பட்டன. எனவே அவ்வாண்டுகளின் ஃபார்திங் ஒன்றில் காணும் கருமை காலத்தின் அழுக்கு அன்று. காலணாவுக்கு ஒப்பான ஒரு சிறு காசு தன்னைப் பொன் என்று காட்டி எவரையும் ஏய்த்துவிடலாகாது என்று நாணயச்சாலையே பூசி அனுப்பிய நேர்மை. அறியாத கை அதனைப் புளியிட்டுத் துலக்கும்போது, எந்தப் பொய்யை அந்நாணயச்சாலை தடுக்க முயன்றதோ அந்தப் பொய்யே காசின் முகத்தில் மீண்டும் மின்னத் தொடங்குகிறது.